தரச்சான்று பெற்ற குளவிக்கூடு

பழைய மெஷின்களைப் புதுப்பித்து விற்கும் ஒரு நிறுவனத்தைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அவர்களிடம் படித்து முடிக்க முடியாத அளவுக்கு நீண்ட கொள்கை விளக்கம் இருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரு புல்வெளியும் ஒரு மாமாவும் மட்டும்தான். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். தவறு என் பக்கம் என்றால் படிப்பவர்களுக்கே தெரிந்துவிடும்.

கோயம்புத்தூர் துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் புல்வெளியை இல்யாஸ் மாமா பராமரிக்கிறார். பகலில் நான் அவருக்கு உதவி. மாலையில் கணக்கியல் வகுப்பு. மாமாவுக்கு மாதம் தவறாமல் வேலை தருவது இந்த ஒரு குடியிருப்புதான். மற்றவர்கள் எல்லாம் புல் முழங்காலைத் தொட்ட பிறகு கூப்பிடுகிறவர்கள்.

குடியரசு தினம் நெருங்கும் நேரத்தில் மாமாவின் மெஷின் நின்றுபோனது. இன்ஜினே விரிசல் விட்டுவிட்டது. சங்கச் செயலாளர் அரங்கசாமி எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஒரு மில்லில் லேபர் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்களை வேலையை விட்டு நிறுத்தும்போது மிகுந்த மரியாதையுடன் பேசுவார் என்று அந்த மில்லில் பெயர் வாங்கியவர்.

"ஏனுங்க பாய், கோவிச்சுக்காதீங்க. திங்கக்கெழம காத்தால கொடியேத்தறோம். புல்லு கேரம் போர்டாட்டம் மட்டமா இருக்கோணும். இல்லீன்னா பிளாஸ்டிக் புல்லுக்காரன் அன்னைக்கே அளவெடுக்க வாரேன்னு சொல்லியிருக்கானுங்க. அதுக்குத் தண்ணி வேண்டாம், மிஷின் வேண்டாம்."

"நீங்களும் வேண்டாம்" என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் அவருடைய மரியாதை.

வாடகைக்கு மெஷின் கிடைக்கவில்லை. தெரிந்தவர்களின் மெஷின்கள் எல்லாம் அதே கொடியேற்றத்துக்காகப் பள்ளிக்கூட மைதானங்களில் ஓடிக்கொண்டிருந்தன. புது மெஷின் எங்களுக்கு எட்டாது. அப்போதுதான் நான் போனில் 'மறுபிறவி டூல்ஸ்' என்ற நிறுவனத்தைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தது நான்தான். அதை வேறு யார் மீதும் போடவில்லை.

அந்தத் தளத்தில் 'பழைய மெஷின்' என்ற சொல்லே கிடையாது. 'அனுபவம் வாய்ந்த மெஷின்' என்றுதான் இருந்தது. உத்தமம், அதி உத்தமம், புதிதைவிட உத்தமம் என்று மூன்று தரங்கள். நான் நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். பேராசைப்பட்டதாக இருக்கக் கூடாது. புல்வெட்டும் மெஷினின் படத்துக்குக் கீழே அதன் தரச்சான்று இருந்தது. உட்புறத் தூய்மை: சிறப்பு. உடல்நலம்: சிறப்பு. மனநிலை: சிறப்பு. ஒரு மெஷினின் மனநிலையை எப்படிச் சோதிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்பதால் அது தவறு என்று சொல்லிவிட முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம் பெட்டி குடியிருப்புக்கே வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்தால்தான் புகார் செல்லும் என்பது விதி. வாடிக்கையாளரின் முகம், பிரிக்கும் கை, பெட்டியின் ஆறு பக்கங்கள் எல்லாம் இடையில் நிறுத்தாமல் பதிவாக வேண்டும். மாமாவும் காவலாளி பாலுசாமியும் பெட்டியை இடுப்புயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்கள். நான் தரையில் மல்லாந்து படுத்து அடிப்பக்கத்தையும் அதோடு என் முகத்தையும் எடுத்தேன்.

"சீக்கிரம் எடு கண்ணு, கை நழுவுச்சுன்னா உன் மூஞ்சிக்கும் மறுபிறவிதான்" என்றார் பாலுசாமி.

மெஷின் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று இருந்தது. தொட்டதும் அந்த நிறம் மாமாவின் உள்ளங்கைக்கு வந்தது. பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மறுபடி இழுத்தார். மெஷின் நல்ல மனநிலையில் அமைதியாக இருந்தது.

கோளாறு தெரிந்த உடனே புகார் செய்ய வேண்டும் என்று கொள்கை விளக்கத்தில் படித்திருந்தேன். மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று போனில் புகார் எழுத உட்கார்ந்தேன். எங்கள் பிழை இந்த இடத்தில்தான் நடந்தது. கோயம்புத்தூரில் ஓடாத மோட்டாரை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார யாராலும் முடியாது. நான் வீடியோவை ஏற்றிக்கொண்டிருந்தபோது மாமா ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டார். பாலுசாமி தொப்பியைக் கழற்றி ஸ்குரூக்களை அதில் வாங்கிக்கொண்டார். பால் ஊற்ற வந்தவர் வண்டியை நிறுத்தி "கார்புரேட்டர் அடைச்சிருக்கும்" என்றார். மூன்றாவது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் அங்கிருந்தே "மொதல்ல ஏர் பில்டரைப் பாருங்க" என்றார்.

ஏர் பில்டர் மூடியின் மேல் அடித்த பெயின்ட்டைச் சுரண்டித்தான் ஸ்குரூவைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே மண்ணால் கட்டிய பெரிய குளவிக்கூடு.

"மாப்ள, இவுங்க மிஷினைப் புதுப்பிக்கல. குளவிக்கு வாடகைக்கு உட்டிருக்காங்க" என்றார் மாமா. கூட்டைப் பெயர்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினார். கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவிப் பூட்டினார். ஒரே இழுப்பு. மெஷின் ஓடியது. மேலே இருந்த அம்மாள் துணியோடு கை தட்டினார்.

அதே நொடியில் என் போனுக்குச் செய்தி வந்தது: "உங்கள் புகார் பதிவானது. உங்கள் வருத்தமே எங்கள் வருத்தம்."

இருட்டுவதற்குள் மாமா பாதிப் புல்வெளியை வெட்டிவிட்டார். நான் நேர்மையாக நடந்துகொள்ளலாம் என்று நிறுவனத்துக்குப் போன் செய்தேன். 'மகிழ்ச்சி அலுவலர்' பிரத்யுஷா பேசினார்.

"மேடம், மெஷின் ஓடுதுங்க. புகாரை வாபஸ் வாங்கிக்கறேனுங்க."

"ரொம்ப சந்தோஷம் சார். வாபஸுக்கு ஒரு காரணம் சொல்லணும்."

"மெஷின் ஓடுது. அதுதான் காரணமுங்க."

விசைப்பலகை தட்டும் ஓசை சிறிது நேரம் கேட்டது. "அந்தக் காரணம் எங்க லிஸ்ட்ல இல்ல சார். 'ஊர் மாறிப் போகிறேன்', 'நிறம் பழகிவிட்டது', 'வாடிக்கையாளர் காலமானார்'. இந்த மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"செத்துட்டேன்னு சொல்லிப்போடு மாப்ள, சோலி முடிஞ்சுது" என்றார் மாமா.

"அதுக்கு வாரிசுச் சான்றிதழ் வேணும் சார்" என்றார் பிரத்யுஷா. மாமாவின் குரல் எப்போதும் கொஞ்சம் தூக்கல்.

"மெஷின் ஓடுதுங்கறதையும் லிஸ்ட்ல சேத்துக்கலாமுங்களே மேடம்?"

"சேக்கலாம் சார். ஆனா கம்பெனி ஆரம்பிச்சதுல இருந்து இதுவரைக்கும் ஒரு கஸ்டமர்கூட அப்படிச் சொன்னதில்லையே" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒரு நாளுக்குள் தர அலுவலர் நேரில் வருவார் என்று சொல்லி எனக்கு இனிய மாலை வாழ்த்தினார்.

சொன்னபடியே சனிக்கிழமை காலை அலுவலர் வந்துவிட்டார். புகார் என்றால் அவ்வளவு வேகம். பெயர் சசிதர். பதவி தென்மண்டலத் தரத் தூதர். கழுத்தில் டை, கையில் டேப்லெட். இதே கோயம்புத்தூரின் பீளமேட்டுக்காரர் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் பணி நேரத்தில் அவர் எந்த ஊர்க்காரரைப் போலவும் பேசவில்லை. அரங்கசாமி, பாலுசாமி, மாமா, நான் என நால்வரையும் புல்வெளி ஓரமாக வரிசையாக நிற்கவைத்து ஒரு சிறு உரை நிகழ்த்தினார்.

"ஒவ்வொரு மெஷினையும் நாங்கள் ஐம்பது கட்டங்களில் பரிசோதிக்கிறோம். முதல் கட்டம், தண்ணீர் பீய்ச்சுதல். இரண்டாம் கட்டம், பெயின்ட். மூன்றாம் கட்டம், ஸ்டிக்கர். மீதிக் கட்டங்கள் எல்லாம் ஸ்டிக்கர் நேராக ஒட்டியிருக்கிறதா என்பதைப் பற்றியவை."

"உள்ள தொறந்து பாக்க மாட்டீங்களா சார்?" என்றார் மாமா.

சசிதர் அதிர்ந்துபோனார். "திறந்தால் உத்தரவாதம் போய்விடுமே! உத்தரவாதத்தைக் காப்பதுதான் எங்கள் முதல் கடமை. தொடங்கிய நாளிலிருந்து ஒரு மெஷினைக்கூட நாங்கள் திறந்ததில்லை. எங்கள் போட்டியாளர்கள் திறக்கிறார்கள். அதனால்தான் அவர்களுக்குக் கோளாறுகள் கண்ணில் படுகின்றன."

அரங்கசாமி மெச்சிக்கொண்டு தலையாட்டினார். அவருக்கு விதிகளுடன் பேசுகிறவர்களைப் பிடிக்கும்.

சசிதர் மெஷினிடம் போய்க் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே ஓடியது. அவர் முகம் கறுத்தது. அணைத்துவிட்டு டேப்லெட்டில் நெடுநேரம் எழுதினார்.

"இது மிக மோசமான கோளாறு. ஓடவில்லை என்பது புகார். ஆனால் ஓடுகிறது. புகாருக்கும் பொருளுக்கும் பொருத்தமே இல்லை. நீங்கள் எதையாவது அகற்றினீர்களா?"

"ஒரு குளவிக்கூடு இருந்துச்சுங்க" என்றேன்.

"எங்கே அது?"

"செவுத்துக்கு அக்கட்டால வீசிட்டோமுங்க."

"அனுமதியில்லாமல் ஒரு பாகத்தை அகற்றியிருக்கிறீர்கள்."

"சார், அது குளவி கட்டுனதுங்க" என்றார் மாமா.

"யார் கட்டியது என்பது எங்கள் கேள்வி அல்ல. நாங்கள் சான்றளித்தபோது மெஷினுக்குள் எவையெல்லாம் இருந்தனவோ அவையெல்லாம் பாகங்கள். அந்தக் கூட்டையும் சேர்த்துத்தான் உட்புறத் தூய்மை சிறப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கூடு இல்லை என்றால் எங்கள் கையெழுத்து பொய்யாகிவிடாதா?"

கணக்கியல் வகுப்பில் இன்னும் அந்தப் பாடம் வரவில்லை.

சசிதர் மெஷினின் கயிற்றுக் கைப்பிடியில் சிவப்பு நாடா சுற்றிச் சீல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி வருவார். அதற்குள் மெஷினை விற்ற நிலைக்கே கொண்டுவர வேண்டும். கோளாறு உறுதியானால் அங்கேயே சீலை எடுத்துவிடுவார்; உறுதியாகாவிட்டால் மறுபடி சீல் வைத்துவிடுவார். மெஷினை எடுத்துப் போகும் வண்டி சில வாரம் கழித்து வரும்.

"சரி பண்றதுக்குத் தொறந்தா தப்புன்னீங்க. இப்பக் கெடுக்கறதுக்குத் தொறக்கலாமுங்களா?" என்று மாமா கேட்டார்.

"கெடுப்பதற்குத் திறக்கலாம். அதற்குக் கொள்கையில் இடம் உண்டு. ஆனால் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கிவைப்பது போன்ற வேலை கூடாது. வெளியில் தெரியும் கோளாறு எங்களுடையது அல்ல. எங்கள் கோளாறுகள் தரமானவை."

அவர் போனதும் அரங்கசாமி அந்தச் சீலைக் குனிந்து பார்த்தார். கண்ணில் பக்தி இருந்தது. "பாய், சீல் வெச்ச சாமானை நம்ம காம்பவுண்டுக்குள்ள ஓட்டக் கூடாதுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா சங்கத்து மேல வரும்."

"பாதிப் புல்லு பாக்கி நிக்குதுங்களே ஐயா?"

"அதுவும் நாளைக்கு முடிஞ்சிருக்கோணுமுங்க. பிளாஸ்டிக் புல்லுக்காரனை வரச் சொல்லிட்டேன். வர்றவனை வேண்டாம்னு சொல்ற மாதிரி வெச்சுடுங்க." ஒன்றை ஒன்று வெட்டும் இரண்டு உத்தரவுகளை ஒரே மூச்சில் போடுவது மில்லில் அவருக்குப் பழகியிருக்க வேண்டும்.

வெட்டிய பாதி கேரம் போர்டு போலவும் வெட்டாத பாதி தூக்கத்திலிருந்து எழுந்தவன் தலை போலவும் இருந்தது. மாமா அதை ஓரத்திலிருந்து ஓரம் வரை நடந்து பார்த்தார். இந்த இடம் போனால் மாமிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்திருப்பார். பிறகு வழியும் அவரே சொன்னார். "நாளைக்கு அவுரு வர்றப்ப மிஷின் ஓடக் கூடாது. சீலை எடுத்துட்டாருன்னா பத்தே நிமிசத்துல மறுபடி ஓட வெச்சுப்போடலாம். ஒரு கெட்ட பிளக்கு இருந்தாப் போதும் மாப்ள."

உக்கடத்தில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் முஜீப் மாமாவுக்கு நெடுநாள் நண்பர். கடையில் நின்று மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "முஜீபு, ஓடாத பிளக்கு ஒண்ணு வேணும்."

முஜீப் தராசை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். "என்ன கேட்ட?"

"கெட்டுப்போன பிளக்கு."

"இத்தன வருசத்துல உனக்கு ஒரு நாளாச்சும் ஓடாத சாமான் குடுத்திருக்கனா? பழசுதான் விக்கறேன், கெட்டதா விக்கறேன்? நாலு பேரு காதுல உழுந்தா என் கடை என்னாகறது? நல்லாக் கேட்டான் பாரு கேள்வி!"

நான் நடந்ததை எல்லாம் விளக்கினேன். அவர் சசிதரின் உரையை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது முறை பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டார். கடைசியில் இரக்கப்பட்டு, எடைக்குப் போட வைத்திருந்த டப்பாவிலிருந்து கரி பிடித்த பிளக் ஒன்றை எடுத்தார். எங்களுடன் பேசிக்கொண்டே கம்பி பிரஷ்ஷால் அதைத் தேய்த்தார். முனையை உப்புத்தாளில் உரசினார். இடைவெளியைத் தட்டிச் சரிசெய்தார். பேட்டரி, இக்னிஷன் காயிலோடு சேர்த்து மாட்டிப் பொறி வருகிறதா என்று பார்த்தார். நீலமாக வந்தது.

"முஜீபு, என்ன காரியம் பண்ணிட்ட!" என்றார் மாமா.

முஜீப் கையைப் பார்த்துக்கொண்டார். "அப்படியே குடுக்க மனசு வரமாட்டேங்குதுப்பா."

ஞாயிற்றுக்கிழமை காலை வேறு வழியில்லாமல் கூட்டையே திரும்பக் கட்டுவது என்று முடிவானது. மதிலுக்கு அந்தப் பக்கம் வீசியது காய்ந்து பொடியாகிக் கிடந்தது. மாமா பாத்தி மண்ணைக் குழைத்து ஏர் பில்டருக்குள் அப்பினார். விரலால் அறை அறையாகப் பிடித்தார். குளவியே வந்து பார்த்தால் குடியேறியிருக்கும். கயிற்றில் சீல் இருந்ததால் மெஷின் நிற்குமா ஓடுமா என்று சோதிக்க முடியவில்லை. எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஆனால் இன்ஜின் விஷயத்தில் மாமாவைச் சந்தேகிக்கும் அளவுக்கு என்னிடம் தகுதி இல்லை என்று நினைத்துச் சும்மா இருந்தேன்.

சாயங்காலம் சசிதர் வந்தார். அரங்கசாமியும் பாலுசாமியும் வந்து நின்றார்கள். சசிதர் ஏர் பில்டர் மூடியைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துக் கூட்டைப் படம் எடுத்து, பழைய கோப்பில் ஏதோ சரிபார்த்தார்.

"முந்தைய பாகத்தைவிட நேர்த்தியாகவே இருக்கிறது" என்று சான்றளித்தார். சீலை வெட்டினார். கயிற்றை இழுத்தார்.

மெஷின் ஓடியது.

இன்ஜின் ஓடுவதைக் கேட்டு மெஷின் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன். "யா அல்லா! ஓடுதே!" என்றார் மாமா. என் பக்கம் திரும்பி மெல்ல ஒப்புக்கொண்டார். "காத்துப் போறதுக்கு ஒரு ஓட்டை உட்டுட்டேன் மாப்ள. இல்லீன்னா இன்ஜினுக்கு மூச்சு முட்டுமேன்னு கையி தானா உட்டுருச்சு."

சசிதர் மெஷினை உடனே அணைக்கவில்லை. தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்டார். "ஐடிலிங் கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்களே" என்று பீளமேட்டுக் குரலில் அவர் வாயிலிருந்தே வந்தது. கை கார்புரேட்டர் ஸ்குரூ வரைக்கும் போனது. தொடும் முன் அவருக்குத் தன் பதவி நினைவுக்கு வந்துவிட்டது. மெஷினை அணைத்தார். டையைச் சரிசெய்துகொண்டு நாலடி பின்வாங்கி, வெட்டாத புல்லில் போய் நின்று டேப்லெட்டைப் பார்த்துப் படித்தார்.

"எல்லாப் பாகங்களும் முறையாக உள்ளன. மெஷின் ஓடுகிறது. ஆகவே உங்கள் புகார் பொய்ப் புகார். தண்டனைகள் வருமாறு. முதலாவது, மெஷினை நாங்கள் திரும்பப் பெற மாட்டோம். அது உங்களிடமே இருக்கும். இரண்டாவது, எங்கள் சீலின் பாதுகாப்பை இந்த மெஷின் நிரந்தரமாக இழக்கிறது. மூன்றாவது, உங்கள் வாழ்நாளில் எங்களிடமிருந்து இனி எந்தப் பொருளையும் நீங்கள் வாங்க முடியாது."

நான் மூன்றையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எங்கேயோ தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று சந்தேகமாக இருந்தது. மாமாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

"சார், அந்த மூணாவதை மட்டும் ஸ்டாம்பு வெச்சு எழுத்துல குடுப்பீங்களா?"

"கண்டிப்பாக. வருத்தப்பட்டுப் பயனில்லை" என்றார் சசிதர். அப்படியே நின்றபடி டேப்லெட்டில் தட்ட ஆரம்பித்தார்.

அரங்கசாமி குனிந்து கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாடா ஒரு துண்டுகூட ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. "சீல் இல்லீங்க. அப்பச் சங்கத்துக்கு ஆட்சேபனை இல்லீங்க பாய்" என்றார். பாதிப் புல்வெளியையும் மேற்கே இறங்கும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆனா இருட்டறதுக்குள்ள முடியுமுங்களா?"

மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினை வெட்டாத ஓரத்துக்கு உருட்டிப் போனார். ஒரே இழுப்பில் ஓடவிட்டார். சசிதர் தலை நிமிராமல் தீர்ப்பை எழுதிக்கொண்டே இருந்தார். மாமா இன்ஜின் ஓசைக்கு மேலே குரலை உயர்த்தி, ஆனால் மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னார்:

"ஏனுங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் அக்கட்டால தள்ளி நின்னு எழுதுங்க. நீங்க நிக்கற எடத்துல இருந்துதான் வெட்டோணுமுங்க."